மெட்டாடேட்டா போன ஆரக்கிள் எச்எஸ்எம் ஃபைல் சிஸ்டம்: டம்ப் பழையது, ஆர்க்கைவர் லாக் கையில் இருக்கிறது, மீட்பது எப்படி?

ஈசூன்_அட்மின் | திங்கள், காலை 7:40

வணக்கம். எதையும் தட்டிவிடுவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

சொலாரிஸ் 11, ஆரக்கிள் எச்எஸ்எம் 6.1 (ஃபைல்களை டேப்புக்கு அனுப்பி, கேட்கும்போது டிஸ்க்குக்குத் திரும்ப எடுக்கும் மென்பொருள்), ஒற்றைச் சர்வர். ஷேர்டு ஃபைல் சிஸ்டம் அல்ல. வகை 'எம்ஏ'. மெட்டாடேட்டாவுக்கு (ஃபைல்களின் பெயர், இடம் போன்ற விவரங்கள்) 'எம்எம்' லன் (டிஸ்க் பெட்டி ஒதுக்கும் தனி டிஸ்க் பகுதி) இரண்டு, தலா 400 ஜிபி. டேட்டாவுக்கு 'எம்ஆர்' லன் பன்னிரண்டு, மொத்தம் 180 டிபி கேஷ். சுமார் 4 கோடி ஃபைல். டேப்பில் இருப்பது 1.6 பிபி. லைப்ரரியில் நான்கு எல்டிஓ-8 டிரைவ். ஒவ்வொரு ஃபைலுக்கும் இரண்டு காப்பி. முதலாவது லைப்ரரிக்குள், இரண்டாவது ஜூரோங் பக்கம் ஒரு வெளிக் கிடங்கில். பெரும்பாலும் ஒளிப்பதிவு மூலங்கள். கொஞ்சம் நிர்வாக ஆவணங்களும் உண்டு.

ஞாயிறு இரவு 11 மணி வாக்கில் டிஸ்க் பெட்டியின் இரண்டு கன்ட்ரோலரும் ஒன்றன்பின் ஒன்றாக ரீபூட் ஆகின. அதன் பிறகு ஃபைல் சிஸ்டம் மவுன்ட் ஆகவில்லை. எம்ஆர் லன்கள் எல்லாம் தெரிகின்றன. எம்எம் லன்களில் ஒன்று அவ்வப்போது படிப்புப் பிழை காட்டுகிறது.

தினமும் இரவு 1 மணிக்கு சாம்எஃப்எஸ்டம்ப் (மெட்டாடேட்டாவை நகலெடுக்கும் கட்டளை) க்ரானில் (நேரம் குறித்துக் கட்டளைகளைத் தானாக ஓட்டுவது) ஓடும். டம்ப் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டதால் வெள்ளி முதல் ஞாயிறு வரையான டம்ப்கள் பூஜ்யம் பைட். கடைசி நல்ல டம்ப் வியாழன் இரவு 1 மணியுடையது. ஆர்க்கைவர் லாக் (எந்த ஃபைல் எந்த டேப்புக்குப் போனது என்ற பதிவு) சிஸ்டம் டிஸ்க்கில் இருப்பதால் முழுதாக இருக்கிறது.

சாம்எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் கட்டளை) பெரிய -எஃப் (ஆங்கிலப் பெரிய எழுத்து) போட்டுச் சரிசெய்து பார்க்கலாமா, இல்லை நேராக சாம்எம்கேஎஃப்எஸ் (புதிதாக வெறுமையான ஃபைல் சிஸ்டம் அமைக்கும் கட்டளை) செய்து டம்பிலிருந்து மீட்டுவிடலாமா? வியாழனுக்குப் பின் வந்த ஃபைல்களின் கதி என்ன? 180 டிபி முழுவதையும் டேப்பிலிருந்து திரும்ப இழுக்க வேண்டுமா?

---

தைசெங்_ரூட் | திங்கள், காலை 8:05

இரண்டுமே இப்போது வேண்டாம். முதலில் தானாக ஓடுகிறவற்றை எல்லாம் நிறுத்துங்கள். உங்கள் டேட்டா டேப்பில் பத்திரமாக இருக்கிறது. அதை அழிக்கக்கூடியது இனி உங்கள் சர்வர் மட்டும்தான்.

ரூட் க்ரானைத் திறந்து சாம்-ரீசைக்ளர் (பழைய டேப்களை மறுபயன்பாட்டுக்கு விடுவிக்கும் நிரல்) வரியைக் கருத்துரையாக்குங்கள். அது போதாது. ரீசைக்ளர்.சிஎம்டி-யில் லைப்ரரி வரிக்கு -இக்னோர் சேர்த்துவிடுங்கள், யாராவது கையால் ஓட்டினாலும் எதுவும் நடக்கக் கூடாது. காரணம் இதுதான்: ஒரு டேப்பில் எவ்வளவு உயிருள்ள டேட்டா இருக்கிறது என்பதை ரீசைக்ளர் ஃபைல் சிஸ்டத்தின் ஐநோட்களை (ஒவ்வொரு ஃபைலுக்கும் உள்ள விவரப் பதிவுகள்) வைத்துத்தான் கணக்கிடும். சாம்எம்கேஎஃப்எஸ் முடித்து வெறுமையான ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்த நேரத்தில் அது ஓடினால், எல்லா டேப்பும் காலி என்றுதான் அதன் கண்ணுக்குப் படும். பிறகு ரீசைக்ளர்.எஸ்எச் ஸ்கிரிப்டில் எழுதியிருப்பது நடக்கும். பல இடங்களில் அதில் எழுதியிருப்பது ரீலேபிள். லேபிள் மாறிய டேப்புக்கு எந்த டம்பும் உதவாது.

இன்னொரு தடுப்பும் போடுங்கள். கேட்டலாகை (லைப்ரரியில் உள்ள டேப்களின் பட்டியல்) டம்ப்_கேட் கொண்டு வெளியே எடுத்து வைத்துவிட்டு, பயன்பாட்டில் இருக்கும் விஎஸ்என் (டேப்பின் அடையாளப் பெயர்) ஒவ்வொன்றுக்கும் சிஎச்மெட் வழியாகப் பெரிய ஆர் குறியை, அதாவது படிக்க மட்டும் என்ற குறியைப் போட்டுவிடுங்கள். 1.6 பிபி என்றால் சுருக்கம் இல்லாமல் காப்பி ஒன்றுக்குக் குறைந்தது 134 டேப். ஒரு லூப்பில் முடிந்துவிடும்.

பிறகு ஆர்க்கைவரை நிறுத்தச் சாம்சிஎம்டி ஏஆர்ஐடில், ஸ்டேஜரை (டேப்பிலிருந்து ஃபைலை டிஸ்க்குக்கு இழுப்பது) நிறுத்தச் சாம்சிஎம்டி எஸ்டிஐடில். ஆர்க்கைவர்.சிஎம்டி-யின் தலையில் 'வெயிட்' என்று ஒரு வரி. மவுன்ட் ஆனதும் ஆர்க்கைவர் தானே கிளம்பாமல் இருக்க அது தேவை. சாம்எக்ஸ்ப்ளோரர் (அமைப்பு விவரங்களைத் திரட்டும் கட்டளை) ஓட்டி அதன் வெளியீட்டை வேறு மெஷினுக்கு அனுப்புங்கள். எம்சிஎஃப் (சாதனங்களைப் பட்டியலிடும் அமைப்பு ஃபைல்), ஆர்க்கைவர்.சிஎம்டி, டிஃபால்ட்ஸ்.கான்ஃப், ஆர்க்கைவர் லாக், வியாழன் டம்ப் ஆகியவற்றையும் அங்கேயே நகலெடுங்கள். அந்த டம்ப் இப்போது ஒரே ஒரு பிரதி என்பதை மறக்க வேண்டாம்.

இனி எம்எம் லன்கள். இரண்டையும் டிடி கொண்டு அப்படியே படமெடுங்கள்: பிஎஸ்=1024கே, கான்வ்=நோஎரர்,சிங்க். நொடிக்கு 400 எம்பி வேகம் கிடைத்தால் லன் ஒன்றுக்கு 17 நிமிடம். பிழை வரும் லன் இதைவிட மெதுவாக நகரும், கோப்பி குடித்துவிட்டு வருவதற்குள் முடியாது. இடம் 800 ஜிபி வேண்டும். ஐநோட் ஒன்று 512 பைட், 4 கோடிக்கு ஏறக்குறைய 20 ஜிபிதான் வரும், மீதி அடைவுகளும் காலி இடமும். ஆனாலும் எது எங்கே இருக்கிறது என்று தேடி எடுப்பதைவிட முழு லன்னையும் எடுப்பதே நல்லது.

படமெடுத்த பிறகு சாம்எஃப்எஸ்சிகே-யை -எஃப் இல்லாமல் ஓட்டுங்கள். அப்போது அது எதையும் எழுதாது. வெளியேறும் எண்ணையும் கடைசி வரிகளையும் இங்கே போடுங்கள். 10 வரை என்றால் சரிசெய்யக்கூடியது. 20-ம் அதற்கு மேலும் என்றால் அது அபாயக் கணக்கில் வருகிறது.

---

ஈசூன்_அட்மின் | திங்கள், மதியம் 12:20

எல்லாம் நிறுத்தியாயிற்று அண்ணே. இரண்டு எம்எம் லன்னுக்கும் டிடி முடிந்தது, ஒன்றில் சில பிளாக்குகள் படிக்க முடியாமல் பூஜ்யமாக நிரம்பியிருக்கின்றன. சாம்எஃப்எஸ்சிகே, ஐநோட் ஃபைலைப் படிப்பதில் ஐ/ஓ பிழை என்று சொல்லிப் பாதியில் நின்றுவிடுகிறது. வெளியேறும் எண் 20-ஐவிட மேலே.

ஞாயிறு அன்று வந்த சில ஒளிப்பதிவுகள் டேப்புக்கே போயிருக்காது என்று சந்தேகம். ஆர்க்கைவ் ஏஜ் 4 மணி நேரம் வைத்திருக்கிறோம்.

---

தைசெங்_ரூட் | திங்கள், மதியம் 12:50

அப்படியென்றால் சாம்எம்கேஎஃப்எஸ்-ஐ இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். டேப்புக்குப் போகாத ஃபைல்கள் எம்ஆர் லன்களில் மட்டும்தான் இருக்கின்றன. புதிதாக ஃபைல் சிஸ்டம் அமைத்த நொடியே அவற்றுக்கு வழி போய்விடும்.

டிடி படம் கையில் இருப்பதால் இப்போது துணிந்து -எஃப் போடலாம். ஆனால் பிழை காட்டும் லன்னில் அல்ல. வேறு நல்ல டிஸ்க்கில் அதே அளவில் லன் ஒன்று ஒதுக்கி, படத்தை அதில் எழுதி, எம்சிஎஃப்-ல் அந்த எம்எம் வரியின் பாதையை மாற்றுங்கள். சாம்-எஃப்எஸ்டி-யைக் கையால் ஒருமுறை ஓட்டினால் எம்சிஎஃப்-ல் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சொல்லிவிடும். பிறகு சாம்டி கான்ஃபிக். பிறகு சாம்எஃப்எஸ்சிகே பெரிய -எஃப், பெரிய -வி.

அது ஓரளவு சரிசெய்தால் படிக்க மட்டும் மவுன்ட் செய்யுங்கள், -ஓ ஆர்ஓ. உள்ளே போய் எஸ்ஃபைண்டில் 'ஆர்க்டன் அல்லாதவை', அதாவது ஆர்க்கைவ் வேலை முழுதும் முடியாதவை, என்று தேடுங்கள். 'ஆர்க்கைவ்டு அல்லாதவை' என்று தேடினால் பட்டியல் சின்னதாக வரும், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஏற்கெனவே டேப்புக்குப் போய், பிறகு திருத்தப்பட்டு, புது காப்பி போகாத ஃபைல்கள் அதில் தவறலாம். ஆர்க்டன் பட்டியல் பெரியது, நிறைய தேவையில்லாததும் வரும், ஆனால் விடாது. அந்தப் பட்டியலில் ஆன்லைனில் இருப்பதை மட்டும் வேறு ஃபைல் சிஸ்டத்துக்கு நகலெடுங்கள்.

இப்படி மீட்ட ஒளிப்பதிவு எதையும் நம்பி விடாதீர்கள். மூலக் கார்டு இன்னும் அழிக்கப்படாமல் இருந்தால் செக்சம் ஒப்பிடுங்கள். சரிசெய்யப்பட்ட மெட்டாடேட்டாவில் ஃபைல் அளவு சரியாக இருந்து, நடுவில் இன்னொரு ஃபைலின் பிளாக் உட்கார்ந்திருக்கலாம்.

இந்தப் பழுதுபார்த்த ஃபைல் சிஸ்டத்தையே தொடர்ந்து ஓட்டலாமா என்று மேலிடத்தில் கேட்பார்கள். 'மவுன்ட் ஆகிவிட்டதே, போதும் லா' என்றுகூடச் சொல்வார்கள். கூடாது. ஐநோட் ஃபைலில் பூஜ்யம் விழுந்த இடத்தில் எத்தனை ஃபைல் போயின என்பதை அது உங்களுக்குச் சொல்லாது. டேப்பில் இல்லாததைக் காப்பாற்ற மட்டுமே இந்த மவுன்ட்.

---

பொங்கோல்_ஸ்டோரேஜ் | திங்கள், மாலை 6:15

மீட்கும் பகுதியை நான் எழுதுகிறேன்.

டம்பை முதலில் சோதியுங்கள். சாம்எஃப்எஸ்ரீஸ்டோர் -டி (சிறிய டி) -எஃப் டம்ப்ஃபைல் என்றால் மீட்காமல் பட்டியல் மட்டும் போடும். வெளியீட்டை டபிள்யூசி-க்கு அனுப்பி எண்ணுங்கள். நடுவில் நிற்காமல் 4 கோடிக்குப் பக்கத்தில் வந்தால் டம்ப் நல்லது. பாதியில் அறுந்த டம்பும் முதல் பாதிக்கு அழகாகத்தான் வேலை செய்யும், அதனால்தான் கடைசிவரை எண்ணச் சொல்கிறேன்.

பழைய டிஏயு அளவை (டிஸ்க்கில் ஒருமுறைக்கு ஒதுக்கும் பிளாக் அளவு) சாம்எஃப்எஸ்இன்ஃபோவில் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதே அளவில் சாம்எம்கேஎஃப்எஸ் -ஏ. எம்எம் லன்களை இந்த முறை நல்ல டிஸ்க்கில் வையுங்கள். மவுன்ட். என்எஃப்எஸ், எஸ்எம்பி பகிர்வு எதையும் இப்போது திறக்க வேண்டாம்.

மவுன்ட் அடைவுக்குள் சிடி செய்த பிறகுதான் மீட்க வேண்டும். டம்பில் உள்ள பாதைகள் சார்புப் பாதைகளாக இருக்கும்; நீங்கள் ரூட்டின் வீட்டு அடைவில் நின்றுகொண்டு ஓட்டினால் அங்கேயே அடைவு மரத்தை நட ஆரம்பிக்கும். கட்டளை:

சாம்எஃப்எஸ்ரீஸ்டோர் பெரிய -டி, -ஜி லாக்ஃபைல், -எஃப் டம்ப்ஃபைல்

நோஹப் போட்டு ஓட்டுங்கள். பெரிய -டி முடிவில் எத்தனை ஃபைல், எத்தனை அடைவு, எத்தனை பிழை என்று கணக்குக் கொடுக்கும். -ஜி-யை விட்டுவிடாதீர்கள்: டம்ப் எடுத்த நேரத்தில் எந்த ஃபைல்கள் ஆன்லைனில் இருந்தன என்ற பட்டியல் அந்த லாக்கில்தான் விழும். பிறகு அது வேண்டும் என்றால் முழு மீட்பையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

முடிந்ததும் எல்லா ஃபைலும் ஆஃப்லைன். ஐநோட் இருக்கும், பெயர் இருக்கும், உரிமை இருக்கும், ஏசிஎல் (அணுகல் அனுமதிப் பட்டியல்) இருக்கும், டேட்டா டேப்பில். எஸ்எல்எஸ் பெரிய -டி போட்டு இரண்டு மூன்று ஃபைல்களில் காப்பி வரிகளைப் பாருங்கள். ஸ்டேஜிங்கைச் சாம்சிஎம்டி எஸ்டிரன் கொண்டு திறந்து, வெவ்வேறு டேப்பில் உள்ள சில ஃபைல்களை மட்டும் ஸ்டேஜ் செய்து செக்சம் பாருங்கள். அது சரியானால் மற்றது நேரக் கணக்குதான்.

டம்ப் நேரத்தில் ஒரு காப்பிகூட இல்லாதிருந்த ஃபைல்கள் 'டேமேஜ்டு' குறியோடு வரும். பயப்பட வேண்டாம், அவற்றில் பெரும்பாலானவை வியாழன் காலைக்குள் டேப்புக்குப் போயிருக்கும். ஆர்க்கைவர் லாக்கில் அவற்றின் வரி இருக்கும்.

ஐநோட் எண்கள் எல்லாம் புதியவை. பழைய என்எஃப்எஸ் கிளையன்ட்கள் ஸ்டேல் ஹேண்டில் என்று கத்தும், எல்லாவற்றிலும் அன்மவுன்ட் செய்து மறுபடி மவுன்ட் செய்ய வேண்டும். அதே காரணத்தால் ஆர்க்கைவர் லாக்கில் உள்ள ஐநோட் எண்ணை வைத்து இனி எதையும் தேடக் கூடாது, பாதையை வைத்துத்தான் தேட வேண்டும்.

---

தைசெங்_ரூட் | திங்கள், இரவு 9:30

இனி வியாழன் 1 மணி முதல் ஞாயிறு 11 மணி வரையான இடைவெளி. உழைப்பு முழுவதும் இங்கேதான்.

ஆர்க்கைவர் லாக்கில் ஒரு வரியின் புலங்கள் இந்த வரிசையில்: செயல் எழுத்து (ஏ என்றால் ஆர்க்கைவ், ஆர் என்றால் ரீஆர்க்கைவ், யு என்றால் அன்ஆர்க்கைவ்), தேதி, நேரம், மீடியா வகை (உங்களுக்கு எல்ஐ), விஎஸ்என், ஆர்க்கைவ் செட்டும் காப்பி எண்ணும், டேப்பில் இடமும் ஆஃப்செட்டும், ஃபைல் சிஸ்டம், ஐநோட்டும் தலைமுறையும், அளவு, பாதை, ஃபைல் வகை, பகுதி எண், டிரைவ் எண்.

ஆக் போட்டு பதினோராவது புலம் என்று பாதையை எடுத்தால் இடைவெளி உள்ள பெயர்களில் மாட்டிக்கொள்வீர்கள். ஒளிப்பதிவுக்காரர்கள் வைக்கும் பெயர்களில் இடைவெளி இல்லாதது குறைவு. முன்னாலிருந்து பத்துப் புலத்தையும் பின்னாலிருந்து மூன்று புலத்தையும் வெட்டிவிட்டு நடுவில் மிஞ்சுவதைப் பாதையாக எடுங்கள்.

வடிகட்ட வேண்டியவை: டம்ப் தொடங்கிய நேரத்துக்குப் பிந்தையவை (முடிந்த நேரம் அல்ல; டம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது போன ஃபைல் எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்ல முடியாது), செயல் ஏ அல்லது ஆர், வகை எஃப், காப்பி 1. காப்பி 2-ஐச் சேர்த்தால் ஒரே ஃபைலுக்காக வெளிக் கிடங்கு டேப்பையும் கேட்கும். ஒரே பாதை பலமுறை வந்தால் கடைசி வரி மட்டும்.

பிறகு விஎஸ்என் வாரியாகவும் அதற்குள் டேப் இட வாரியாகவும் அடுக்குங்கள். இடம் ஹெக்ஸில் இருக்கிறது. சோர்ட் -என் அதைப் புரிந்துகொள்ளாது. புள்ளிக்கு முன் உள்ள பகுதியை முன்பூஜ்யம் நிரப்பி எட்டு இலக்கமாக்கி எழுத்து வரிசையில் சோர்ட் செய்தால் போதும். புள்ளிக்கு முன் உள்ள எண் ஒன்றாக இருக்கும் ஃபைல்கள் எல்லாம் ஒரே டார் கட்டுக்குள் இருப்பவை, அவற்றை ஒன்றாகவே பிரித்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டேப்பைச் சுற்ற வைத்தால் இந்த வாரம் முடியாது.

ஒவ்வொரு கட்டுக்கும்: ரிக்வெஸ்ட் -எம் எல்ஐ -வி விஎஸ்என் -பி இடம், கடைசியில் எச்எஸ்எம் ஃபைல் சிஸ்டத்துக்குள் ஒரு பெயர். இடத்துக்கு முன்னால் 0எக்ஸ் போட வேண்டும், லாக்கில் அது இருக்காது. இப்படி உருவாவது ரிமூவபிள் மீடியா ஃபைல்; அதைத் திறந்தால் டேப் ஏறும். பிறகு எச்எஸ்எம்-உடன் வரும் ஸ்டார் கொண்டு பிரியுங்கள்: ஸ்டார் -எக்ஸ்வி, -பி பிளாக் எண்ணிக்கை, -எஃப் அந்தப் பெயர், பின்னால் வேண்டிய பாதைகள். -பி 512 பைட் அலகில் எண்ணும். உங்கள் டிஃபால்ட்ஸ்.கான்ஃப்-ல் எல்ஐ பிளாக் சைஸ் 256 கேபி என்றால் -பி 512. இது தப்பானால் முதல் படிப்பிலேயே பிழை வரும், டேப் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

நேராக இடத்தில் பிரிக்காமல் ஒரு தற்காலிக அடைவில் பிரியுங்கள். டாரில் இருக்கும் பாதை ஆர்க்கைவ் ஆன நேரத்துப் பாதை. அதன் பிறகு யாராவது பெயர் மாற்றியிருந்தால் பழைய பெயரில்தான் வெளியே வரும், ஏனென்றால் பெயர் மாற்றம் ஆர்க்கைவர் லாக்கில் பதிவாவதில்லை. அழித்ததும் பதிவாவதில்லை. ஆகவே வியாழனுக்குப் பின் பயனர்கள் அழித்தவை எல்லாம் உயிரோடு திரும்பும், டம்பிலிருந்தும் லாக்கிலிருந்தும். உங்களிடம் நிர்வாக ஆவணங்களும் இருப்பதாகச் சொன்னீர்கள். தனிநபர் தரவு உள்ள ஃபைல்களைப் பிடிபிஏ-யின் (சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்) 25-ஆம் பிரிவுப்படி வைத்திருப்புக் காலம் முடிந்து அந்த நாட்களில் அழித்திருந்தால், அழித்த பட்டியலைத் தரவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் வாங்கி மறுபடி அழிக்க வேண்டும்.

பெரிய ஃபைல் ஒன்று இரண்டு டேப்பில் பிரிந்து எழுதப்பட்டிருந்தால் லாக்கில் இரண்டு வரி வரும், பகுதி எண் 0, 1 என்று ஏறும். 'கடைசி வரி மட்டும்' என்ற வடிகட்டல் இங்கே ஃபைலைப் பாதியாக்கிவிடும். பகுதி எண் பூஜ்யம் அல்லாத வரிகளைத் தனியே ஒதுக்கி, விஎஸ்என் பட்டியலை ஒரு ஃபைலில் எழுதி ரிக்வெஸ்டுக்குக் கொடுங்கள்.

இப்படி வந்தவை ஃபைல் சிஸ்டத்துக்குப் புது ஃபைல்கள். ஆர்க்கைவரைத் திறந்ததும் மறுபடி டேப்புக்குப் போகும். டேப்பில் இருக்கும் அந்த நான்கு நாள் காப்பி சொந்தமற்ற இடமாகிவிடும், பிறகு ரீசைக்ளர் பார்த்துக்கொள்ளும்.

---

ஜூரோங்_நாடா | செவ்வாய், காலை 9:10

180 டிபி பற்றி யாரும் பதில் சொல்லவில்லை போல.

எல்டிஓ-8 டிரைவ் சுருக்கம் இல்லாமல் நொடிக்கு 360 எம்பி. நான்கும் இடைவிடாமல் ஓடினால் 1.44 ஜிபி, 180 டிபிக்கு 35 மணி நேரம். இது காகிதக் கணக்கு. ஒளிப்பதிவு போல ஃபைல் ஒன்று பத்து இருபது ஜிபி என்றால் இதற்குப் பக்கத்தில் வரலாம். சின்ன ஃபைல்களைக் கலைந்த வரிசையில் கேட்டால் ஒன்றைத் தேடிப் போகவே ஒரு நிமிடம் வரை ஆகும். பத்தாயிரம் ஃபைலுக்கு ஒரு டிரைவில் ஒரு வாரம்.

அதனால் எக்ஸாம்பிள்ஸ் அடைவில் உள்ள ரீஸ்டோர்.எஸ்எச்-க்கு -ஜி லாக்கை அப்படியே ஊட்டாதீர்கள். அந்தப் பட்டியலில் இந்த வாரம் வெட்டுமேசையில் இருக்கும் திட்டங்களின் அடைவுகளை மட்டும் வடிகட்டிக் கொடுங்கள். மற்றவை யாராவது கேட்கும்போது தானே வரும், எச்எஸ்எம் வைத்திருப்பதே அதற்குத்தானே. இடைவெளி மீட்புக்கும் டிரைவ் வேண்டும், ஆகவே ஸ்டேஜர்.சிஎம்டி-யில் டிரைவ்ஸ் வரி போட்டு ஸ்டேஜருக்கு மூன்று மட்டும் விடுங்கள்.

பகிர்வைத் திறக்கும் முன் ஒரு விஷயம். எல்எஸ் ஸ்டேஜ் செய்யாது. ஆனால் கிளையன்ட் பக்கம் ஓடும் வைரஸ் ஸ்கேன், படங்களுக்குச் சிறுவடிவம் காட்டும் கோப்புச் சாளரம், தேடல் இன்டெக்ஸர், யாரோ ஒருவர் தட்டும் கிரெப் -ஆர் ஆகிய எல்லாம் ஃபைலைத் திறக்கும். எல்லாமே ஆஃப்லைனில் இருக்கும் நிலையில் இவற்றில் ஒன்று போதும், நான்கு டிரைவும் அதன் பின்னால் ஓடும். ஸ்கேனில் அந்தப் பகிர்வை விலக்கிவிட்டுத் திறங்கள்.

வெளிக் கிடங்கு டேப் தேவைப்படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் காப்பி படிக்காவிட்டால் ஸ்டேஜர் அடுத்த காப்பியைத் தானே தேடும், ஆனால் அந்த விஎஸ்என் லைப்ரரிக்குள் இருக்க வேண்டும்; கேட்டலாகில் கிடைக்காது என்ற பெரிய யு குறி இருந்தால் சிஎச்மெட் கொண்டு அதை எடுத்துவிட வேண்டும். கிடங்கிலிருந்து வருவதில் எல்டிஓ-6 ஏதாவது இருக்கிறதா பாருங்கள். எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7 வரைதான் படிக்கும், அதற்கு முந்தியதைத் தொடாது.

குளிர்ந்த கிடங்கிலிருந்து மதியம் லாரியில் ஏற்றினால் நம் ஊர்க் காற்று பட்டதும் கார்ட்ரிட்ஜில் நீர் பூக்கும். உறையைத் திறக்காமல் டேட்டா சென்டருக்குள் வைத்து 24 மணி நேரம் வரை விட்டுவிடுங்கள். அவசரம் என்று சொல்லி நேராக டிரைவுக்குள் தள்ளினால் நாடாவோடு டிரைவும் போகும். ஆகவே தேவைப்படும் பட்டியல் தயாராகும்வரை காத்திருக்காமல் இன்றே வரச் சொல்லி வைப்பதில் தப்பில்லை.

---

செங்காங்_ஜிபிஎஃப்எஸ் | செவ்வாய், மதியம் 1:45

திரியைத் திசைதிருப்புவதற்கு மன்னிக்கவும். எங்களிடம் இருப்பது ஐபிஎம் ஸ்கேல், ஸ்பேஸ் மேனேஜ்மென்ட். ரீசைக்ளர் போன்ற கண்ணி அங்கேயும் உண்டா?

---

பொங்கோல்_ஸ்டோரேஜ் | செவ்வாய், மதியம் 2:20

உண்டு. அங்கே அதன் பெயர் டிஎஸ்எம்ரீகன்சைல். சர்வரில் இருக்கும் மைக்ரேட் ஆன ஃபைல்களையும் ஃபைல் சிஸ்டத்தில் இருக்கும் ஸ்டப்களையும் (டேட்டா வெளியே போன ஃபைலின் அடையாளச் சிறு ஃபைல்) ஒப்பிட்டு, ஸ்டப் இல்லாதவற்றைக் காலாவதி என்று குறிக்கும். அந்தக் குறி விழுந்த பிறகு சர்வரில் அது எத்தனை நாள் இருக்கும் என்பதை மிக்ஃபைல்எக்ஸ்பிரேஷன் தீர்மானிக்கிறது. மாற்றாவிட்டால் 7 நாள். ரீகன்சைல்இன்டர்வல் மாற்றாவிட்டால் 24 மணி நேரம். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: காலியான ஃபைல் சிஸ்டத்தை எச்எஸ்எம்-ல் சேர்த்துவிட்டு மீட்பை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று போனால், திரும்பி வரும்போது சர்வரிலும் இருக்காது.

மீட்பு முடியும்வரை ரீகன்சைலை ஓடவிடாமல் நிறுத்துங்கள், டிஎஸ்எம்.சிஸ்-ல் காலாவதி நாளையும் உயர்த்துங்கள், 9999 வரை ஏற்கும்.

ஸ்டப் மீட்க இரண்டு வழி. சின்ன அளவு என்றால் டிஎஸ்எம்சி ரீஸ்டோர், ரீஸ்டோர்மிக்ஸ்டேட்=யெஸ்; டேட்டாவை இழுக்காமல் ஸ்டப்பாகவே வைக்கும். முழு ஃபைல் சிஸ்டம் என்றால் சோபார் (மெட்டாடேட்டாவின் படத்திலிருந்து மீட்கும் முறை): எம்எம்பேக்அப்கான்ஃபிக், எம்எம்இம்ஜிபேக்அப் இரண்டும் முன்பே ஓடியிருக்க வேண்டும், மீட்கும்போது எம்எம்ரீஸ்டோர்கான்ஃபிக், பிறகு படிக்க மட்டும் மவுன்ட் செய்து எம்எம்இம்ஜிரீஸ்டோர். படமெடுக்கும் முன் எல்லா ஃபைலும் குறைந்தது ப்ரீமைக்ரேட் (டிஸ்க்கிலும் சர்வரிலும் டேட்டா உள்ள நிலை) ஆகியிருக்க வேண்டும், ரெசிடென்ட் (டிஸ்க்கில் மட்டும் உள்ள) நிலையில் இருப்பதன் டேட்டா அந்தப் படத்தில் இருக்காது. மேலதிகம் வேண்டுமானால் தனித் திரி திறங்கள், பேசலாம்.

---

ஈசூன்_அட்மின் | வியாழன், இரவு 8:30

நிலவரம். பழுதுபார்த்த மவுன்டிலிருந்து டேப்புக்குப் போகாதவற்றை எடுத்தாயிற்று, செக்சம் பொருந்தாதவற்றை மூலக் கார்டிலிருந்து திரும்ப ஏற்றினோம். டம்ப் மீட்பு பிழையில்லாமல் முடிந்தது. லாக் இடைவெளியும் பெரும்பாலும் முடிந்துவிட்டது. எஸ்ஃபைண்ட் -டேமேஜ்டு போட்டால் இன்னும் சில நூறு ஃபைல் காட்டுகிறது. இவற்றை அழித்துவிடலாமா? ஆர்க்கைவரையும் ரீசைக்ளரையும் எந்த வரிசையில் திறப்பது?

---

தைசெங்_ரூட் | வியாழன், இரவு 9:15

அழிக்கும் முன் மூன்றாகப் பிரியுங்கள்.

எஸ்எல்எஸ் பெரிய -டி-யில் ஒரு காப்பி வரிகூட இல்லாதவை: டம்ப் நேரத்தில் டேப்புக்குப் போகாதவை. தற்காலிக அடைவில் லாக்கிலிருந்து வந்த பிரதி இருந்தால் டேமேஜ்டு ஃபைலை அழித்துவிட்டு அதை நகர்த்துங்கள். பிரதி இல்லையென்றால் பெயரை மட்டும் உரியவரிடம் கொடுங்கள்.

காப்பி வரி இருந்து அதில் டேமேஜ்டு குறி விழுந்தவை: ஸ்டேஜ் செய்யும்போது படிப்புப் பிழை வந்தவை. டேப் பிழையா, டிரைவ் பிழையா என்று பாருங்கள். ஒரே டிரைவில் ஏறிய பல விஎஸ்என்களில் குறி விழுந்திருந்தால் டிரைவைத் துப்புரவு டேப்பால் சுத்தம் செய்து, அன்டேமேஜ் கட்டளையால் குறியை எடுத்து, வேறு டிரைவில் மறுபடி முயலுங்கள். ஒரே விஎஸ்என்னில் கூட்டமாக இருந்தால் டேப்தான் குற்றவாளி, கிடங்கிலிருந்து வந்த இரண்டாம் காப்பியை இம்போர்ட் செய்யுங்கள்.

மூன்றாவது, பயனர்களே அழித்த, இனி யாருக்கும் வேண்டாத தற்காலிக ஃபைல்கள். அவை எவை என்று பயனர்தான் சொல்ல வேண்டும்.

திறக்கும் வரிசை: டேமேஜ்டு பட்டியல் முடிந்ததும் முதலில் புது சாம்எஃப்எஸ்டம்ப், வேறு டிஸ்க்கில். ஸ்கிரிப்டில் வெளியேறும் எண்ணையும் அளவையும் நேற்றைய டம்போடு ஒப்பிட்டு, பாதிக்குக் கீழே போனால் மின்னஞ்சல் வரும்படி இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். ஆர்க்கைவர் லாக்கையும் தினமும் அதே இடத்துக்கு நகலெடுங்கள். பிறகு விஎஸ்என்களின் படிக்க மட்டும் குறியை எடுத்து, ஆர்க்கைவர்.சிஎம்டி-யில் வெயிட் வரியை நீக்கி, சாம்டி கான்ஃபிக், சாம்சிஎம்டி ஏஆர்ரன். லாக்கிலிருந்து மீட்டவை எல்லாம் இரண்டு காப்பி ஆகும்வரை விடுங்கள்.

ரீசைக்ளர் கடைசி. -இக்னோர் வரிகளை எடுத்துவிட்டு முதலில் சாம்-ரீசைக்ளர் -என் மட்டும். எதையும் செய்யாமல் எந்த டேப்பைத் தேர்ந்தெடுக்கும் என்று காட்டும். அந்தப் பட்டியலில் நேற்றுவரை நிறைந்திருந்த விஎஸ்என் ஒன்று காலி என்று வந்தால் அதில் இருந்த ஃபைல்கள் இன்னும் மீளவில்லை, லாக்கில் அந்த விஎஸ்என்னைத் தேடுங்கள். பட்டியல் சரியாகத் தெரிந்தாலும் க்ரானில் வரியைத் திறப்பது அந்தச் சில நூறு ஃபைலும் தீர்ந்த பிறகுதான்.